"நாளைக்கு வா" என்றால், "எத்தனை மணிக்கு சார்?" என்று கேட்கட்டும்

கேள்வி: ஒரு தாலுகா ஊரில், அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ வகுப்பாசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 46 பேர். நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட ஒரு படிப்புச் சான்று வாங்கப் போனால், அலுவலக அறை ஜன்னல் பக்கம் கால்மணி நேரம் பேசாமல் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறாள். "நாளைக்கு வா" என்றால் சரி என்று வந்துவிடுகிறாள், மறுநாள் போவதில்லை. போன வருடம் இரண்டு பேருக்கு முதல் பட்டதாரிச் சான்று கலந்தாய்வுக்குள் கைக்கு வரவில்லை. இந்த வருடம் ஒருத்திக்கு ஆதாரில் ஒரு பெயர், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் ஒரு பெயர். எல்லோருக்கும் நானே எழுதிக்கொடுத்து, நானே கையெழுத்து வாங்கிக்கொடுத்து ஓய்ந்துபோனேன். இதைப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்க முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: முடியும். "தைரியமாப் போய்க் கேளு" என்பதிலிருந்து மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். ஜன்னலில் நிற்கிற பிள்ளைக்குத் தான் கேட்க வந்த தாளின் பெயரே சரியாகத் தெரியாது. அது எந்தப் பதிவேட்டிலிருந்து வருகிறது, யார் கையெழுத்திடுவார், என்றைக்குள் வேண்டும் என்பதும் தெரியாது. "என்னம்மா வேணும்?" என்று கேட்டால் "சர்டிபிகேட்" என்பாள். "என்ன சர்டிபிகேட்?" என்றால் விழிப்பாள். பயம் அங்கேதான் பிறக்கிறது. கேட்க வேண்டியது கையிலுள்ள தாளில் எழுதியிருந்தால் பாதி பயம் போய்விடும்.

பிள்ளைகள் மனதில் முதலில் பதிய வேண்டியது, ஒவ்வொரு சான்றும் இன்னொரு தாளிலிருந்து எடுத்து எழுதப்படுகிறது என்பது. மாற்றுச் சான்றிதழ் பள்ளியின் சேர்க்கை நீக்கல் பதிவேட்டிலிருந்தும், பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவான எமிஸிலிருந்தும் வருகிறது. பொதுத்தேர்வு மதிப்பெண் சான்றில் அச்சாகும் பெயர், தேர்வுத்துறைக்குப் பள்ளி அனுப்பும் பெயர்ப் பட்டியலிலிருந்து வருகிறது. அந்த நாமினல் ரோலுக்கும் அடிப்படை எமிஸ் பதிவுதான். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையன்று யாரோ அவசரத்தில் எழுதிய பெயர், பன்னிரண்டு வருடம் கழித்துக் கல்லூரி வாசலில் வந்து நிற்கும். அதனால் முதல் பாடவேளையைப் பெயருக்கே கொடுத்துவிடுங்கள்.

ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள், அதில் ஆறு வரிசை: பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், எமிஸ். ஒவ்வொன்றிலும் தன் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதட்டும். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. பக்கத்திலேயே பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர். எமிஸில் உள்ளதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

நம் பெயர்களில் தலைப்பெழுத்துதான் பெரிய தொல்லை. ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால். ஒன்றில் வெறும் எழுத்தாக இருப்பது இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். முத்துலட்சுமி ஒரு தாளில் ஒரே சொல், இன்னொன்றில் முத்து, லட்சுமி என்று இரண்டு சொல். ஆங்கிலத்தில் எழுதும்போது 'ழ', 'ள', 'த' மூன்றுக்கும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். தமிழில் படிக்கும்போது இதெல்லாம் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பொருந்தாத எழுத்தைச் சிவப்பு மையால் வட்டமிடச் சொல்லுங்கள். 46 தாளில் எத்தனை சிவப்பு வட்டம் விழுகிறது என்று பார்த்தால் உங்களுக்கே திகைப்பாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் வகுப்பில் மேசைமேல் வைக்க விடாதீர்கள். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை அதைப் படித்தால் விளைவு என்னவாகும் என்று தமிழ்நாட்டு ஆசிரியருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த இரண்டையும் வீட்டில் சரிபார்த்து, பெயர் பொருந்துகிறதா இல்லையா என்று மட்டும் தாளில் குறித்துவரட்டும். அப்பா இல்லாத, அப்பாவை விட்டு வந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அப்பா பெயர் வரிசை பற்றி முன்கூட்டியே தனியாகப் பேசிவிடுங்கள்.

இந்தப் பயிற்சிக்குச் சரியான வகுப்பு ஒன்பதுதான். பத்தாம் வகுப்பு நாமினல் ரோல் போவதற்கு முன் எமிஸில் திருத்துவது பள்ளிக்குள்ளேயே முடிகிற வேலை. மதிப்பெண் சான்று அச்சான பிறகு அதே திருத்தத்துக்கு மாவட்டம், சென்னை என்று தாள் பயணம் போக வேண்டும். பிறந்த தேதிப் பிழை இன்னும் மோசம். பொதுத்தேர்வுக்கு முன் சரிசெய்யாவிட்டால் பின்னால் மிகவும் சிரமம். நாமினல் ரோலுக்காகப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கும் உறுதிமொழிப் படிவத்தைப் பல பள்ளிகளில் வருகைப் பதிவு மாதிரி வரிசையாக நீட்டி முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு தாளைத்தான் அரைமணி நேரம் உட்கார்ந்து படிக்க வைக்க வேண்டும். உங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறவரிடம் இதை இந்த மாதமே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது பாடவேளை விண்ணப்பம் எழுதுவது. தமிழ்த் தேர்வில் கடிதம் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள், ஆனால் அந்தக் கடிதத்தை ஒரு அலுவலகத்தில் கொடுத்தால் வேலை நடக்காது. ஒரு பத்தி முழுக்க வணக்கமும் பணிவும் இருக்கும், தேதி இருக்காது. இப்படி எழுதப் பழக்குங்கள்:

"பொருள்: படிப்புச் சான்று வேண்டுதல் தொடர்பாக.
அம்மா, நான் 12-ஆ பிரிவில் பயில்கிறேன். எமிஸ் எண் ……. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, இப்பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் பயில்வதற்கான சான்று தேவைப்படுகிறது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் ……. ஆகவே …… தேதிக்குள் சான்று வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் பெயர் சான்றில் ……. என்று இருக்க வேண்டும்.
இணைப்பு: ஆதார் நகல் 1, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று நகல் 1."

இதில் உயிரான வரிகள் மூன்று. கடைசி நாள் எது என்ற வரி இருந்தால் அந்தத் தாள் கட்டின் அடியில் போகாது. பெயர் எப்படி வேண்டும் என்ற வரி திருத்தத்துக்காகத் திரும்பி வரும் நடையை மிச்சப்படுத்தும். எதற்காக என்ற வரியை அலுவலகத்தில் கட்டாயம் கேட்பார்கள், ஏனென்றால் நோக்கத்தைப் பொறுத்துப் படிவம் மாறும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஒரு மாதிரி, சாதாரண உதவித்தொகைக்கு ஒரு மாதிரி. படிவம் எந்த இணையதளத்திலிருந்து வந்ததோ அதையே அச்செடுத்து இணைத்துவிட்டால் எழுத்தருக்கும் வேலை குறைவு.

இன்னொன்று: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று என்றால், எட்டாம் வகுப்பு வரை வேறு நடுநிலைப் பள்ளியில் படித்த பிள்ளை அந்தப் பள்ளிக்கும் போக வேண்டும். உங்கள் தலைமை ஆசிரியர் உங்கள் பள்ளி வருடங்களுக்குத்தான் கையெழுத்துப் போட முடியும். இது மே மாதம் தெரியவந்தால் அந்தப் பள்ளி விடுமுறையில் பூட்டியிருக்கும். வகுப்பில் யார் யார் ஊர் மாறி வந்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அவர்களை ஜனவரிக்குள் அனுப்பிவிடுங்கள்.

விண்ணப்பம் எப்போதும் இரண்டு பிரதி. ஒன்று அலுவலகத்துக்கு, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதற்குத் தேதியும் சுருக்கொப்பமும். பிள்ளைகள் கூச்சப்படுவது இங்கேதான். "கையெழுத்துப் போட்டுத் தாங்க" என்று கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று பின்வாங்குவார்கள். அவர்களுக்கு வாயில் வருகிற மாதிரி ஒரு வாக்கியம் கொடுங்கள்: "சார், எங்க மிஸ் ஃபைல்ல வைக்கச் சொன்னாங்க, இதுல இன்னைக்குத் தேதி போட்டுத் தர்றீங்களா?" பழி உங்கள்மேல் போகட்டும், பரவாயில்லை.

மூன்றாவது பாடவேளை ஒத்திகை. அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இளநிலை உதவியாளரிடம் போய் இந்த மாதிரி ஒரு முயற்சி செய்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் 46 பேரை ஜன்னலுக்கு அனுப்பினால் முதல் நாளே எரிச்சலாகிவிடும், அதில் நியாயமும் இருக்கிறது. பல பள்ளிகளில் அந்த இருக்கை காலியாகக் கிடக்கிறது. ஒரு ஆசிரியர்தான் பாடத்துக்கு நடுவே அலுவலக வேலையும் பார்க்கிறார். முடிந்தால் அவரையே ஒரு பாடவேளை வகுப்புக்கு அழையுங்கள். தினமும் அவர் பார்க்கும் தவறுகள் எவை என்று அவர் வாயால் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவரின் முகமும் பழகிவிடும்.

ஒத்திகையில் நீங்கள் எழுத்தராக உட்காருங்கள். நல்ல எழுத்தராக நடிக்க வேண்டாம். தலை நிமிராமல், போன் பேசிக்கொண்டு, "ஹெச்.எம். இல்ல, நாளைக்கு வா" என்று சொல்லுங்கள். பிள்ளை என்ன சொல்ல வேண்டும் என்று வகுப்பே கண்டுபிடிக்கட்டும். கடைசியில் இந்த மாதிரி ஒரு உரையாடலுக்கு வந்து சேர வேண்டும்:

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் சார்?"
"மத்தியானத்துக்கு மேல."
"ஹெச்.எம். லீவுன்னா பொறுப்பு ஹெச்.எம். கையெழுத்துப் போடலாமா சார்?"
"அது… கேட்டுப் பார்க்கிறேன்."
"சரிங்க சார். விண்ணப்பத்தை இப்பவே கொடுத்துட்டுப் போறேன். நாளைக்கு மூணு மணிக்கு வர்றேன்."

குரலில் பணிவு இருக்கலாம், கேள்வி மட்டும் கூர்மையாக இருக்க வேண்டும். திரும்பும்போது கையில் ஒரு நேரமோ ஒரு பெயரோ இல்லாமல் ஜன்னலை விட்டு நகரக் கூடாது என்பதை மட்டும் பழக்கிவிடுங்கள். எப்போது போகக் கூடாது என்பதும் இந்தப் பாடம்தான். மாதம் 20ஆம் தேதியையொட்டிச் சம்பளப் பட்டியல் வேலை ஓடும். பொதுத்தேர்வு நாட்களில் அலுவலகத்தில் வேறு எதுவும் நடக்காது.

முதல் தடவை நிஜமாக ஜன்னலுக்குப் போகும்போது வேண்டுமானால் கூடப் போங்கள், ஆனால் பத்தடி தள்ளி நில்லுங்கள். பிள்ளை திணறினால் உங்கள் வாய் தானாகத் திறக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் பேசினால் எழுத்தர் அடுத்த தடவையும் உங்களைத்தான் தேடுவார்.

இனி பள்ளிக்கு வெளியே, இ-சேவை மையம். போன வருடம் உங்கள் பிள்ளைகள் இருவர் தவறவிட்டது இங்கேதான். மேயில் தேர்வு முடிவு வந்ததும் ஊரே அங்கே வரிசையில் நிற்கும். அதே மே, ஜூனில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் வருடாந்திரத் தணிக்கை நடக்கும். கிராம நிர்வாக அலுவலர் கணக்குகளோடு அங்கே உட்கார்ந்திருப்பார், உங்கள் பிள்ளையின் விண்ணப்பம் அவர் உள்நுழைவில் காத்துக்கிடக்கும். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் விண்ணப்பித்தால் இந்தக் கூட்டமே இல்லை. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் அப்போதே முடித்துவிடலாம். வருமானச் சான்று மட்டும் வருடாவருடம் புதிதாகக் கேட்பார்கள், அதனால் அதைத் தேவைக்குச் சற்று முன்னால் எடுத்தால் போதும்.

கட்டணம் சான்றுக்கு 60 ரூபாய், ரசீது உண்டு. ரசீதில் உள்ள விண்ணப்ப எண்ணைப் பிள்ளை தன் நோட்டில் எழுதிவைக்க வேண்டும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஏறிப் போகும். கடைசிக் கையெழுத்து சான்றைப் பொறுத்து மாறும். சாதிச் சான்றிலேயே பிற்படுத்தப்பட்டோருக்குத் துணை வட்டாட்சியர், பட்டியல் வகுப்பினருக்கு வட்டாட்சியர், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர். பழங்குடிப் பிள்ளைகளுக்கு நேரடி விசாரணை இருப்பதால் மாதக்கணக்கில் இழுக்கலாம். அப்படி யாராவது உங்கள் வகுப்பில் இருந்தால் பதினொன்றாம் வகுப்பிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும், இல்லையென்றால் இன்றைக்கே.

விண்ணப்பம் தொலைபேசி எண்ணிலேயே சிக்கும், இதை அழுத்திச் சொல்லுங்கள். முதல் தடவை பதியும்போது கொடுத்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். அந்த எண் அப்பாவுடையது, அப்பா திருப்பூரில் வேலையில் இருக்கிறார், ஷிஃப்டில் போனை வெளியே வைத்துவிட்டுப் போய்விடுவார். பிள்ளை மையத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்துவிட்டு வீடு திரும்பும். சில இடங்களில் அவசரத்துக்கு மையத்தில் இருப்பவர் தன் எண்ணையே போட்டுவிடுவார். பிறகு "இந்த ஆவணம் குறைகிறது" என்று விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டால் அந்தக் குறுஞ்செய்தி அவருக்குப் போகும், அவர் பார்க்கவே மாட்டார். வீட்டில் எப்போதும் இருக்கிற ஒரு எண், பெரும்பாலும் அம்மாவுடையது, அதுதான் பதிவாக வேண்டும். பத்து நாளைக்கு ஒரு தடவை விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பார்ப்பது பிள்ளையின் வேலை. திருப்பி அனுப்பியது வேறு, நிராகரித்தது வேறு. திருப்பி அனுப்பினால் கேட்ட தாளைச் சேர்த்து மறுபடி அனுப்பினால் போதும். நிராகரித்தால்தான் புதிதாக விண்ணப்பம்.

முதல் பட்டதாரிச் சான்றுக்குப் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து ஒரு கூட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டும். தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தவர் எல்லோருடைய படிப்பையும் அதில் எழுத வேண்டும். படித்தவர்களின் மாற்றுச் சான்றிதழ் நகலும் கேட்பார்கள், அதைத் தேடி எடுக்கத்தான் நாள் ஆகும். அண்ணனோ அக்காவோ ஏற்கனவே முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையில் படித்திருந்தால் தங்கைக்குக் கிடையாது. இதை முன்னாலேயே கேட்டுவிட்டால் வீண் அலைச்சலும் வீண் எதிர்பார்ப்பும் மிச்சம்.

வந்த சான்றில் மின் கையொப்பமும் க்யூஆர் குறியீடும் இருக்கும், அதன்மேல் வட்டாட்சியர் அலுவலக முத்திரை வாங்க அலைய வேண்டியதில்லை.

வங்கி விஷயம் சுருக்கமாக. புதுமைப் பெண் போன்ற உதவித்தொகைத் திட்டங்களின் பணம், ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும். பிள்ளைக்கு இரண்டு கணக்கு இருந்து, கொடுத்த கணக்கு ஒன்று, இணைந்த கணக்கு வேறு என்றால் "பணம் வரலை மிஸ்" என்று வந்து நிற்பாள், பணம் இன்னொரு கணக்கில் கிடக்கும். வங்கியில் "ஆதார் கொடுத்தாச்சா?" என்று கேட்டால் போதாது, "என்.பி.சி.ஐ. இணைப்பு இந்தக் கணக்குக்கு ஆகியிருக்கா?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஆதார் வழியாக வரும் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்ற பதிவுதான் அது. 15 வயதில் கைரேகை புதுப்பிக்காத ஆதாராக இருந்தால் விரல் வைக்கும் இடத்திலெல்லாம் தடங்கும். அதையும் சிவப்பு வட்டத் தாளில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

பள்ளியை விட்டுப் போகும் நாளில் மாற்றுச் சான்றிதழை வாங்கியதும் பைக்குள் வைக்கக் கூடாது. ஜன்னல் அருகிலேயே நின்று பெயர், பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும், பயிற்று மொழி மூன்றையும் படிக்க வேண்டும். பயிற்று மொழி வரியை யாரும் பார்ப்பதில்லை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்று காட்ட வேண்டும். ஐந்தாறு வருடம் கழித்துப் பழைய தொடக்கப் பள்ளியைத் தேடிப் போகாமல், அந்தச் சான்றையும் இப்போதே வாங்கிவைப்பது நல்லது. அசல் எல்லாம் கல்லூரிக்குப் போய்விடும் என்பதால் கொடுப்பதற்கு முன் நான்கு நகல், போனில் ஒரு தெளிவான படம். மாற்றுச் சான்றிதழ் தொலைந்தால் காவல் நிலையச் சான்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு முறை சொன்னால் போதும், கவனம் வந்துவிடும்.

வேலை நடக்கவில்லை என்றால் யாரிடம் போவது? வகுப்பாசிரியர், தலைமை ஆசிரியர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்ற வரிசையை அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள், மனுவுக்கு ரசீது உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும், ஆனால் அவசரச் சான்றுக்கு அது உதவாது. எந்தப் படியானாலும் கையில் அந்தத் தேதி போட்ட இரண்டாம் பிரதி இருக்க வேண்டும். அது இல்லாமல் மேலே போனால், "எங்களிடம் விண்ணப்பமே வரவில்லை" என்ற ஒரே பதிலில் எல்லாம் முடிந்துவிடும். நேரே மேலே குதிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பாதித் தகராறு, தலைமை ஆசிரியருக்கே தெரியாத தகராறாகத்தான் இருக்கும்.

கடைசியாக, பெயர் மாறியிருக்கும் அந்த மாணவி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று அச்சாகிவிட்டதால் இனி அதுதான் மூலம். மற்றதையெல்லாம் அதற்குப் பொருத்துவதுதான் பெரும்பாலும் சுலபம். பிறப்புச் சான்றும் மதிப்பெண் சான்றும் ஒன்றாக இருந்து ஆதார் மட்டும் வேறு என்றால் ஆதாரை மாற்றட்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் திருத்த முடியும் என்பதால், மையத்தில் ஒப்புகைச் சீட்டு கொடுக்கும்போதே எழுத்துக்கூட்டலை விரல் வைத்துப் படிக்க வேண்டும். பிறகு வங்கி, அதன் பிறகு குடும்ப அட்டை. மதிப்பெண் சான்றிலேயே பிழை, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் சரியாக இருக்கிறது என்றால், தலைமை ஆசிரியர் பரிந்துரையோடு தேர்வுத்துறைக்கு விண்ணப்பிக்கலாம். பதிவேட்டிலும் அதே பெயர்தான், வீடு விரும்புவதுதான் வேறு பெயர் என்றால் அரசிதழ் வழியாகத்தான் மாற்ற முடியும். இப்போது அதில் இறங்கினால் கலந்தாய்வுக்குள் முடியாது, மதிப்பெண் சான்றில் உள்ள பெயரிலேயே விண்ணப்பிக்கட்டும். முதலில் அவளைச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பிரதி.